ஒரு கூண்டில் இரண்டு ஆண்கள்

திருப்பரங்குன்றம், பசுமலை, திருநகர் பக்கம் வீட்டில் கினிப்பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் முதலில் ஒன்றை வாங்குகிறார்கள். அது மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காமல் துணைக்கு இன்னொன்று தேடுகிறார்கள். ஆணோடு பெண்ணை விட்டால் இரண்டே மாதத்தில் குட்டி வந்துவிடும், அந்தக் குட்டிகளும் சில வாரங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆகவே இரண்டாவதும் ஆணாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் புதியதைக் கூண்டில் விட்ட மறுநிமிடமே பழையது தொண்டைக்குள் உறுமத் தொடங்குகிறது. இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு புதியதைச் சுற்றி வருகிறது. துரத்துகிறது, முதுகில் ஏறுகிறது. புதியது கீச்சென்று அலறுகிறது. வீட்டில் எல்லோரும் பதறிப்போய்ப் பிரித்துவிடுகிறார்கள்.

ஒரு வீட்டில் இந்த அமளி சில நாளில் அடங்கி, இரண்டும் ஒரே புல்குவியலை எதிரெதிர்ப் பக்கமிருந்து தின்கின்றன. இன்னொரு வீட்டில் அதே வயது, அதே எடை, அதே கடையிலிருந்து வந்த இரண்டு ஆண்கள் ரத்தம் வரக் கடித்துக்கொள்கின்றன. இரண்டு வீட்டிலும் இருப்பவை ஆண்கள்தான். எல்லாவற்றின் உடலிலும் ஓடுவது ஒரே ஆண் ஹார்மோன்தான். பிறகு ஏன் ஒரு சோடி சமாதானமாகிறது, மற்றொன்று ஆவதில்லை? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கினிப்பன்றிகளைக் கூர்ந்து கவனித்த விஞ்ஞானிகள் இதற்குத் தெளிவான விடை ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். கூண்டை எப்படி அமைப்பது, எப்போது தலையிடுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பதெல்லாம் அந்த விடையிலிருந்தே புரியும்.

ஆதிக்கம் என்பது உறவு

‘இது முரட்டுப் பிராணி, ஆதிக்கக் குணம் உள்ளது’ என்று ஒரு கினிப்பன்றியைப் பற்றிச் சொல்கிறோம். விலங்கு நடத்தை அறிவியலில் ஆதிக்கம் தனி ஒன்றின் குணமாகக் கொள்ளப்படுவதில்லை. இரண்டு விலங்குகளுக்கு நடுவே உருவாகும் உறவுக்குத்தான் அந்தப் பெயர். ஒன்றிடம் அடங்கிப் போகும் அதே விலங்கு இன்னொன்றை அடக்கலாம்.

இதை முதலில் முறையாகக் காட்டியவர் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே. கோழிகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து, தீவனத்தின் அருகே எது எதைக் கொத்துகிறது, எது கொத்து வாங்கிக்கொண்டு விலகுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1922இல் அவர் வெளியிட்ட ஆய்வில் கோழிகளுக்குள் ஒரு படிநிலை இருப்பது தெரிந்தது. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. இதில் நமக்கு முக்கியமான செய்தி வேறொன்று. படிநிலை முடிவாகும்வரைதான் சண்டை மும்முரமாக நடக்கிறது. முடிவானதும் ஒரு பார்வையோ ஓர் அசைவோ போதும், கீழே உள்ளது விலகிக்கொள்ளும். படிநிலை உருவாகும் நேரம் சத்தமாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் அது உருவானால்தான் அமைதியும் வரும்.

ஏன் விலங்குகள் நேராகக் கடித்துக் குதறாமல் இத்தனை பாவனை காட்டுகின்றன? 1973இல் ஜான் மேனார்ட் ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ் இருவரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய விடையைக் கணக்கில்லாமல் சொன்னால் இதுதான்: முழு மூச்சாகச் சண்டை போடும் விலங்கு வென்றாலும் காயப்படும். காயப்பட்ட விலங்கால் தின்ன முடியாது, ஓட முடியாது, அடுத்த போட்டியாளரைச் சமாளிக்கவும் முடியாது. அதனால் எதிரியின் பலத்தை முதலில் அளந்து பார்த்து, தேறாது என்று தெரிந்தால் விலகும் விலங்கே நீண்ட காலத்தில் அதிகக் குட்டிகளை விட்டுச் செல்லும். கூண்டில் நாம் பார்க்கும் உறுமலும் சுற்றலும் இந்த அளவெடுப்புத்தான். இதைச் சடங்குச் சண்டை என்று சொல்லலாம். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

அளவெடுப்பின் படிகள்

முதல் படி மோப்பம். மூக்கு, காது, பிட்டம் என்று மாற்றி மாற்றி முகரும். வால் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே கினிப்பன்றிக்கு எண்ணெய்ப் பசை சுரக்கும் சுரப்பி ஒன்று உண்டு, ஆண்களுக்கு அது பெரியது. பிட்டத்தைத் தரையில் தேய்த்து அந்த வாசனையைப் பூசும். சிறுநீரும் சில சொட்டு விட்டுச் செல்லும்.

அடுத்தது உறுமல் நடை. கால்களை மெல்ல எடுத்து வைத்து, இடுப்பை ஆட்டி, தொண்டைக்குள் தொடர்ந்து உறுமும். பெண்ணைச் சுற்றி வரும்போதும் இதே நடைதான். பிறகு தலை உயர்த்தல். இரண்டும் முகத்துக்கு முகம் நின்று மூக்கை மேலே தூக்கும், தலையை முதலில் தாழ்த்தியது பின்வாங்குகிறது என்று பொருள். அதன்பின் துரத்தல், முதுகில் ஏறுதல். ஆண் ஆணின்மேல் ஏறுவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. அழகர்கோவில் மலையில் நாம் பார்க்கும் நாட்டுக் குரங்குகளிலும் ஆண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதுண்டு. விலங்குகளிடையே இது தன் இடத்தைச் சொல்லும் வழியாகவும், குரங்குகளில் பல நேரம் ஒன்றையொன்று வரவேற்கும் வழியாகவும் அமைந்திருக்கிறது.

துரத்தப்பட்டது அலறினால் நமக்குக் குலை நடுங்குகிறது. பெரும்பாலும் அந்த அலறலில் வலி இருப்பதில்லை, ‘நான் போட்டிக்கு இல்லை, விட்டுவிடு’ என்ற அறிவிப்பே அது. அலறியது விலகி ஓடி, துரத்தியது இரண்டடி வைத்து நின்றுவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அறியலாம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பற்களைக் கடகடவென்று விடாமல் தட்டுவது, பிடரி மயிர் சிலிர்த்து நிற்பது, வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்து, இரண்டில் ஒன்றுகூடப் பின்வாங்கவில்லை என்றால் அளவெடுப்பு முடிவுக்கு வராமல் முட்டி நிற்கிறது. அடுத்து பாய்ச்சல் வரும். இரண்டும் கட்டிப் புரண்டு பந்துபோல உருண்டால் சடங்கு முடிந்து உண்மைச் சண்டை தொடங்கிவிட்டது. கினிப்பன்றியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, உளிபோல் கூரானவை. ஒரு கடி தோலைத் தாண்டிச் சதைக்குள் போகும்.

ஆக, புதிரை இப்போது கூர்மையாகக் கேட்கலாம். எல்லா ஆண்களும் முதல் படியில்தான் தொடங்குகின்றன. சில சோடிகள் நடுவில் நின்றுகொள்கின்றன, சில கடைசிப் படிவரை ஏறிவிடுகின்றன. எது தீர்மானிக்கிறது?

ஹார்மோன் மட்டும் போதுமா?

உடனே மனத்தில் தோன்றும் விடை டெஸ்டோஸ்டிரோன். விதைகளில் சுரக்கும் இந்த ஆண் ஹார்மோன் அதிகமானால் சண்டையும் அதிகமாகும் என்று நினைக்கிறோம். விதை நீக்கிவிட்டால் சாதுவாகிவிடும் என்று பலர் அறிவுரையும் சொல்கிறார்கள்.

இந்த எண்ணத்தில் முதல் விரிசலை உண்டாக்கியதே கினிப்பன்றிதான். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் யங் என்பவரின் குழு ஆண் கினிப்பன்றிகளின் பாலியல் நடத்தையை அளந்தது. சில ஆண்கள் மிகுந்த வேகம் உடையவை, சில நடுத்தரம், சில மந்தம். எல்லாவற்றுக்கும் விதை நீக்கியபோது எல்லாமே மந்தமாகின. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடப்பட்டது. ஹார்மோன்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்றால் எல்லாம் ஒரே வேகத்துக்கு வரவேண்டும். அப்படி நடக்கவில்லை. வேகமானது பழைய வேகத்துக்கும், மந்தமானது பழைய மந்தத்துக்கும் திரும்பின. 1952இல் வெளிவந்த இந்த முடிவு, ஹார்மோன் ஒன்றாக இருந்தாலும் அதை ஏற்கும் உடல் வேறு வேறாக இருக்கிறது என்று காட்டியது.

அந்த உடலை வேறாக்குவது எது? அதே குழு 1955இல் இன்னொன்றைக் கண்டது. குட்டிப் பருவத்தில் மற்றவற்றோடு பழகவிடாமல் தனியே வளர்த்த ஆண்கள், உடலில் குறை எதுவும் இல்லாதபோதும், பெண்ணோடு சரியாகக் கூடத் தெரியாமல் தடுமாறின. நாம் பிறவிக் குணம் என்று நினைத்ததில் ஒரு பகுதி பழக்கத்தால் வருவது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. விதை நீக்குவதைப் பற்றி வளர்ப்பவர்களின் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. அது குட்டி பிறப்பதைத் தடுக்கும், ஆனால் ஏற்கெனவே சண்டைக்குப் பழகிய இரண்டு ஆண்களை நண்பர்களாக்கிவிடும் என்று நம்பி அறுவைச் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது.

பெரியவர்களிடம் கற்ற பாடம்

ஆண்களின் சண்டையை நேரடியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர் ஜெர்மனியின் நோர்பெர்ட் சாக்சர். முதலில் பைராய்ட், பிறகு மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் குழு கினிப்பன்றிகளை இரண்டு விதமாக வளர்த்தது. ஒரு வகை ஆண்கள், வயது வந்த ஆண்கள், பெண்கள், குட்டிகள் எல்லாம் கலந்த பெருங்கூட்டத்தில் வளர்ந்தன. இன்னொரு வகை தனியாகவோ ஒரே ஒரு பெண்ணோடோ வளர்ந்தன. வளர்ந்த பிறகு, ஒன்றையொன்று முன்பின் அறியாத இரண்டு ஆண்களைப் புதிய இடத்தில் சந்திக்க வைத்தார்கள்.

பெருங்கூட்டத்தில் வளர்ந்தவை முகர்ந்தன, உறுமின, அளந்தன. விரைவில் ஒன்று ஒதுங்கிக்கொண்டது. கடி இல்லை. தனியாக வளர்ந்தவை கடைசிப் படிவரை போய்ச் சண்டை போட்டன.

உள்ளுக்குள் என்ன நடந்தது என்பதையும் அவர்கள் அளந்தார்கள். இதற்குக் கினிப்பன்றி மிகவும் ஏற்ற விலங்கு. உடலுக்கு நெருக்கடி வரும்போது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, அழுத்த ஹார்மோனை ரத்தத்தில் கலக்கிறது. எலியிலும் சுண்டெலியிலும் அந்த வேலையை முக்கியமாகச் செய்வது வேறொரு ஹார்மோன். கினிப்பன்றியிலோ மனிதரைப் போலவே கார்டிசால். ஆனால் ரத்தம் எடுப்பதற்காகப் பிடித்தாலே கார்டிசால் ஏறிவிடுமே, அளவை எப்படி நம்புவது? பிடித்த சில நிமிடங்களுக்குள் காதில் உள்ள சிறு ரத்தக்குழாயிலிருந்து சில துளிகள் எடுத்துவிட்டால், பிடித்ததன் பாதிப்பு ரத்தத்தில் தெரிவதற்கு முந்தைய அளவு கிடைத்துவிடும். இப்படிச் சந்திப்புக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, கூட்டத்தில் வளர்ந்த ஆண்களில் தோற்றதற்கும் கார்டிசால் பெரிதாக ஏறவில்லை. தனியாக வளர்ந்த ஆண்களில் தோற்றதற்கு வெகுவாக ஏறியது.

காயமே இல்லாத தோல்விகூட எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கு முன்னுதாரணம் ஒன்று இருந்தது. டீட்ரிக் ஃபோன் ஹோல்ஸ்ட் என்பவர் தென்கிழக்கு ஆசியாவின் துப்பையா என்ற சிறு பாலூட்டியை ஆராய்ந்தார். தோற்ற ஆணைத் தடுப்புக்கு அப்பால் வைத்து, ஜெயித்த ஆண் அதன் கண்ணில் படும்படி மட்டும் விட்டார். ஒரு கடியும் வாங்காமலே தோற்றவை மெலிந்து, சில நாட்களில் அல்லது வாரங்களில் இறந்தன. தப்பிக்க வழியில்லாத அச்சமே உடலைத் தின்றுவிடும். கூண்டில் ரத்தம் இல்லை என்பதால் எல்லாம் சரி என்று நாம் இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம்.

அடுத்து, வளர்ப்பில் எந்தக் காலம் முக்கியம் என்று சாக்சர் கேட்டார். 1993இல் வெளியான அவர் ஆய்வின் விடை: பருவம் எய்தும் நாட்கள். கினிப்பன்றிக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு, மூன்று, நான்காம் மாதங்கள். இந்த வளரிளம் பருவத்தில் இளம் ஆண் முதன்முறையாக உறுமல் நடை போட்டுப் பார்க்கிறது. அங்கே பெரிய ஆண் இருந்தால் ஒரு பல்தட்டலோடு அதை ஒதுக்கிவிடும். இளையது விலகும். நாளுக்குப் பல தடவை இப்படி நடந்து நடந்து, எந்த அசைவுக்கு என்ன பொருள், எப்போது பின்வாங்கினால் அடி விழாது என்பதெல்லாம் அதற்குள் பதிந்துவிடுகிறது.

மதுரையில் சிலம்பம் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆசான் எதிரே நின்று வீசும் கம்பு மாணவனின் தோளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிடும். ஆயிரம் தடவை அப்படி நின்ற கம்பைப் பார்த்த பையனுக்கு, தன் கம்பையும் எங்கே நிறுத்துவது என்று கை தானே சொல்லும். தனியே காற்றில் வீசிப் பழகியவனுக்கு வேகம் இருக்கும், நிறுத்தம் இருக்காது. பெரியவர்களே இல்லாமல் வளர்ந்த ஆண் கினிப்பன்றியின் நிலையும் அதுதான். அதற்குக் கோபம் அதிகம் என்பதில்லை, சண்டையை எங்கே நிறுத்துவது என்று யாரும் காட்டவில்லை.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. ஸ்டெஃபனி லூர்ட்செல், சில்வியா கைசர், சாக்சர் ஆகியோர் 2010, 2011ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, பெருங்கூட்டத்தில் வளரும் இளம் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகமாகவே இருந்தது. ஆனால் அவற்றின் அழுத்த எதிர்வினை குறைவு, சண்டையும் குறைவு. ஒரு பெண்ணோடு மட்டும் வளர்ந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அழுத்த எதிர்வினை அதிகம், சண்டையும் அதிகம். ஆண் ஹார்மோன் கூடினால் சண்டை கூடும் என்ற சூத்திரம் இங்கே தலைகீழாகிறது. கூட்டத்து உறுமல்களும் உரசல்களும் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துகின்றன. வளரிளம் பருவத்தில் உயர்ந்த அந்த ஹார்மோன், கார்டிசால் சட்டென்று பொங்கி எழுவதை அடக்கி வைக்கிறது. பதற்றம் குறைந்த ஆணுக்குப் பொறுத்திருந்து அளக்க முடிகிறது.

இரண்டு வழிகளும் இயற்கையில் பொருளுள்ளவைதான். பெரிய ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இளையது சண்டை போட்டு ஜெயிக்கப் போவதில்லை, வளரும்வரை காத்திருப்பதே அதற்கு லாபம். ஆட்கள் குறைந்த இடத்தில் ஒரே பெண்ணோடு வாழும் ஆணுக்கு, வருகிற போட்டியாளரை உடனே விரட்டுவதே லாபம். ஒரு சூழலுக்காக வளர்ந்ததை நாம் இன்னொரு சூழலில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

கூண்டுக்கு வருவோம்

நம் ஊரில் விற்பனைக்கு வரும் ஆண் குட்டியின் வாழ்க்கையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. பிறகு நெருக்கமான கூண்டு, தன் வயதுக் குட்டிகள். சிலவேளை அடிக்கடி மாறும் முகங்கள். அடக்கி வைக்கும் பெரிய ஆண் இல்லை. பாடம் நடக்கவேண்டிய மாதங்களில் ஆசிரியர் இல்லை.

அதனால் துணை தேடும்போது ஒரே வயதுடைய இரண்டு இளவட்டங்களைச் சேர்ப்பதைவிட, பிறவற்றோடு வாழ்ந்து பழகிய பெரிய ஆணோடு ஆறு முதல் எட்டு வாரக் குட்டியைச் சேர்ப்பது நல்லது. எடை வித்தியாசமே பாதி முடிவைச் சொல்லிவிடும், பெரியது குட்டிக்குப் பாடமும் நடத்தும். மூன்று, நான்கு மாதம் ஆகும்போது அந்தக் குட்டி ஒருமுறை தன் பலத்தைச் சோதித்துப் பார்க்கும். நேற்றுவரை ஒன்றாகப் படுத்தவை இன்று ஏன் உறுமுகின்றன என்று திகைக்க வேண்டாம். ஹார்மோன் ஏறும் காலம் அது, படிநிலை மறுபடி உறுதியாக வேண்டும். மூன்றாவது ஓர் ஆணைச் சேர்ப்பது பெரும்பாலும் இருக்கும் சமாதானத்தையும் கெடுக்கும்.

புதியது வந்ததும் இரண்டு, மூன்று வாரம் தனி அறையில் வையுங்கள். சளி, சொறி, படர்தாமரை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு சில நாள் இரண்டு கூண்டையும் கம்பிவலை நடுவே இருக்கும்படி பக்கத்தில் வைத்து, படுக்கைப் புல்லை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் படியான மோப்பம் ஆபத்தில்லாமல் முடிந்துவிடும்.

சந்திப்புக்கு நேரம் பார்ப்பதில் நம் ஊருக்கே உரிய கவனம் ஒன்று வேண்டும். கினிப்பன்றியின் மூதாதையர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தவை. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்கு இதமானது. 30ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு வரக்கூடும். மதுரைச் சமவெளியிலோ கோடையில் வெயில் 40ஐத் தொடுகிறது. பகல் முழுக்கக் காய்ந்த திருப்பரங்குன்றத்துப் பாறையை ஒட்டிய தெருக்களில் இரவிலும் சூடு எளிதில் இறங்குவதில்லை. அந்த வெப்பத்தில் துரத்தலும் ஓட்டமும் சேர்ந்தால் கடியே இல்லாமல் உயிர் போகலாம். மார்கழி, தை மாதங்களில் சேர்ப்பது நல்லது. முடியாவிட்டால் விடியற்காலையில், குளிர்ந்த தரையில், நனைத்த கோணிச் சாக்கைச் சன்னலில் தொங்கவிட்டுச் செய்யலாம்.

இடம் இரண்டுக்கும் புதியதாக இருக்கட்டும். பழையதன் கூண்டில் கொண்டுபோய் விட்டால், வாசனை பூசிய தன் எல்லையை அது காக்கத்தான் செய்யும். கூடத்தில் நான்கடிக்கு நான்கடி அடைத்துக்கொண்டால் போதும். நடுவில் புல்லைக் குவித்துப் போடுங்கள், தின்னத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ஒளிவதற்கு அட்டைப்பெட்டி வைத்தால் கட்டாயம் இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டியில் மாட்டிக்கொண்ட இளையது விலகிப் போக வழியில்லாமல் திருப்பிக் கடிக்கும். தோற்றது விலகிச் செல்ல இடம் இருந்தால்தான் சடங்குச் சண்டை சடங்காக முடியும். அதற்காகவே இரண்டு ஆண்கள் வாழும் கூண்டு குறைந்தது 10 சதுர அடி இருக்க வேண்டும். தண்ணீர்க் குப்பி, தீவனக் கிண்ணம், பெட்டி எல்லாம் இரண்டிரண்டு வையுங்கள். பெண் கினிப்பன்றியின் வாசனைகூடப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பிறகு வருவதுதான் கடினமான பகுதி: தலையிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது. ஒவ்வோர் உறுமலுக்கும் பிரித்தால் அளவெடுப்பு முடிவே ஆகாது, அடுத்த சந்திப்பில் முதலிலிருந்து தொடங்கும். ஒரு தாளில் துரத்தல், ஏறுதல் இரண்டையும் மணிக்கு எத்தனை என்று குறித்து வாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் பொறுத்திருக்கலாம். ஏறிக்கொண்டே போனாலும், ஒன்றுகூடத் தலை தாழ்த்தாவிட்டாலும் இடைவெளி விடுங்கள். கட்டிப் புரண்டால் உடனே பிரிக்க வேண்டும். வெறுங்கையை நீட்டாதீர்கள், கனத்த துண்டை மேலே போட்டு எடுங்கள். சேரட்டும் என்று இரண்டையும் ஒன்றாகக் குளிப்பாட்டும் வழக்கமும் வேண்டாம். நனைந்து நடுங்கி அவை ஒட்டிக்கொள்வது நட்பு ஆகாது.

சமாதானம் வந்த பிறகும் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். வளர்ந்த ஆண் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். அது ஒரே வாரத்தில் 50 கிராம் இழந்தால் கவனிக்க வேண்டும். துரத்தல் எதுவும் கண்ணில் படாமலே மேலே உள்ளது கிண்ணத்தை மறித்து நிற்கலாம். கினிப்பன்றியால் மனிதரைப் போலவே வைட்டமின் சியைத் தன் உடலில் தயாரிக்க முடியாது. 1907இல் நார்வேயின் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் தானியம் மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு மாலுமிகளின் ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டார்கள். பின்னாளில் வைட்டமின் சியைக் கண்டறிய அதுவே வழி திறந்தது. கிண்ணத்திலிருந்து விரட்டப்படும் இளையதற்கு முதலில் இழப்பாவது இந்தச் சத்துத்தான். கொஞ்சம் நெல்லிக்காய், கொய்யா, கொத்தமல்லித்தழையை இரண்டு மூலைகளில் தனித்தனியாக வையுங்கள். அருகம்புல் நல்ல தீவனம். கண்மாய்க் கரையில் அறுத்தால் பூச்சிமருந்து படாத இடமாகப் பார்த்து, அலசிக் கொடுங்கள்.

கடிபட்டுவிட்டால் ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பென்சிலின் குடும்ப மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதைக் கொன்றுவிடக்கூடும். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த தொடக்கத்திலேயே, 1943இல், இது பதிவாகியிருக்கிறது. காயத்தை உப்புநீரால் கழுவிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மேலே ஆறியது போலத் தெரிந்து உள்ளே சீழ்க்கட்டி வரலாம்.

சில சோடிகள் எவ்வளவு முயன்றாலும் சேராது. அப்போது நடுவே வலை வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் வாழவிடுவதே கருணை. முகரலாம், கேட்கலாம், கடிக்க முடியாது. அப்படி வைத்தாலும் தோற்றது மறைந்துகொள்ள ஒரு மறைப்பு வேண்டும், துப்பையாக்கள் நமக்குச் சொன்னது அதைத்தான்.

இவ்வளவு உழைப்பில் பெரும்பகுதியை, குட்டிகளை வளர்த்து விற்பவர்கள் நினைத்தால் குறைத்துவிடலாம். ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்ததும் தன் வயதுக் குட்டிகளோடு மட்டும் அடைக்காமல், சாந்தமான பெரிய ஆண் ஒன்றோடு மூன்று, நான்கு மாதம்வரை விசாலமான இடத்தில் வைத்திருந்து பிறகு விற்கலாம். கூடுதல் செலவு கொஞ்சம் தீவனமும் இடமும்தான். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் விற்கிறவர்கள் அதைச் செய்வார்கள். கடைக்குப் போனால் நிறம், முடியின் நீளம், விலை பற்றி எல்லாம் விசாரிக்கிறோம். இனி இந்தக் குட்டி இதுவரை யாரோடு வளர்ந்தது, அந்தக் கூண்டில் பெரிய ஆண் இருந்ததா என்றும் விசாரியுங்கள். உங்கள் வீட்டில் அது இன்னோர் ஆணோடு சேர்ந்து வாழுமா என்பதைச் சொல்லக்கூடிய தகவல்களில் முதன்மையானது அதுதான்.